நீலகிரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்த நூலகம் உங்களுக்கானது, அதில் சேர்வது எப்படி?

மாற்றலாகி வந்தவர், கல்யாணமாகி வந்தவர், எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர், ஓய்வுபெற்று மலையில் குடியேறியவர், ஆய்வுக்காக அறை எடுத்துத் தங்கியிருப்பவர் என்று யாராக இருந்தாலும் இந்த மாவட்டத்தில் உங்களுக்கு ஏற்ற நூலகம் ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லா நூலகமும் எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. சமவெளியில் நூலகம் மாறிப் போய்விட்டால் அரை மணி நேரத்தோடு போகும். பந்தலூரிலிருந்து ஊட்டிவரை வந்து, "உங்களுக்கு இங்கே உறுப்பினர் அட்டை தர முடியாதே" என்ற பதிலோடு திரும்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிட வேண்டும்.

1. யார் பணத்தில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள்

பெயர்ப்பலகையை நம்பி முடிவு செய்யாதீர்கள். நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அங்கே யாருக்கு உரிமை, யாருக்குச் சலுகை, யாருக்கு அனுமதி தேவை என்பது தானே விளங்கிவிடும்.

பொது நூலகத் துறையின் நூலகங்கள் நூலக வரியில் நடக்கின்றன. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக இதற்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே தயக்கமே வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகத்தான் உறுப்பினர் சேர்க்கை.

ஊட்டியின் நீலகிரி நூலகம் 1859 முதல் சந்தா நூலகமாக, அதாவது உறுப்பினர்கள் கட்டும் பணத்தில் நடப்பதாக, இருந்துவருகிறது. கல்லூரி நூலகம் அங்கே படிப்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும் உரியது. ஆராய்ச்சி நிலைய நூலகம் அந்தத் துறையினருக்கானது. வெளியாள் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரி போன்ற பாதுகாப்பு வளாகத்து நூலகங்களைப் பொதுமக்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிராமத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊருக்குள் "நூலகம்" என்று எழுதிய கட்டடம் இருவகையாக இருக்கலாம். ஒன்று, நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகம் அல்லது பகுதி நேர நூலகம். மற்றொன்று, 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி கட்டிய நூலகம். இது ஊராட்சியின் பொறுப்பு. பூட்டிக் கிடந்தால் மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுத்துப் பயனில்லை. ஊராட்சிச் செயலரையும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தையும்தான் கேட்க வேண்டும். மனு தப்பான மேசைக்குப் போனால் மாதக்கணக்கில் தூங்கும். கட்டடத்தின் கல்வெட்டில் திட்டத்தின் பெயர் இருக்கும், படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2. பக்கத்து நூலகத்திலேயே சேருங்கள்

உதகமண்டலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் கிளை நூலகங்கள். அதற்கும் கீழே ஊர்ப்புற நூலகங்கள். பெரிய நூலகத்தில்தான் நல்ல புத்தகம் இருக்கும் என்று எல்லாரும் மைய நூலகத்தில் சேரத் துடிப்பார்கள். தினமும் ஊட்டிக்கு வந்துபோகிறவர் என்றால் சரி. கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்துகொண்டு அப்படிச் சேராதீர்கள். இரவல் காலம் பெரும்பாலும் இரண்டு வாரந்தான். கூடலூரிலிருந்து ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர். மழையில் ஒரு மரம் சாலையில் விழுந்தாலும் அன்றைய பயணம் போச்சு. கெடு தாண்டினால் அபராதம் சிறு தொகைதான், ஆனாலும் அடுத்த புத்தகம் கைக்கு வராது.

கிளை நூலகத்தில் இல்லாத புத்தகத்துக்கு வழி இருக்கிறது. நூலகரிடம் வாசகர் பரிந்துரைப் பதிவேட்டைக் கேளுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் முழுமையாக எழுதுங்கள். "வரலாற்றுப் புத்தகங்கள் வேண்டும்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்து நாலைந்து பேராகக் கேட்டால் தனி ஆளின் வேண்டுகோளைவிடச் சீக்கிரம் காதில் விழும்.

3. ஆவணங்கள்

சேரப் போகும் அன்று கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, ஆதார் அட்டையும் நகலும், இப்போது குடியிருக்கும் முகவரிக்குச் சான்று, சில்லறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட படிப்புச் சான்றும், பெற்றோரின் ஆதார் நகலும். ஜெராக்ஸை டவுனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களில் கரண்ட் போனால் ஜெராக்ஸ் கடை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

புதிதாக வந்தவர் மாட்டிக்கொள்வது முகவரியில். ஆதாரில் திருப்பூர் முகவரி, குடியிருப்பது அருவங்காடு என்றால் நூலகர் தயங்குவார். புத்தகம் திரும்பி வராவிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. வாடகை ஒப்பந்தம், எரிவாயு இணைப்புப் புத்தகம், வேலை பார்க்கும் அலுவலகத்தின் கடிதம் இவற்றில் ஒன்றைச் சேர்த்துக் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஸ்டேட் லயன் வீடுகளில் மின் இணைப்பு நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பிரிவு 17 நிலத்தில் (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை இன்னும் தீராத நிலம்) குடியிருப்பவர்களில் பலருக்கு வீட்டுவரி ரசீதும் கிடையாது, மின்கட்டண அட்டையும் கிடையாது. பல தலைமுறையாக அங்கேயே வாழ்கிறவருக்கும் இதே நிலைதான். இதற்காக நூலகத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ரேஷன் கார்டில் உள்ள முகவரி போதும். அதுவும் இல்லையென்றால் எஸ்டேட் அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ "இன்னார் இந்த முகவரியில் குடியிருக்கிறார்" என்று முத்திரையோடு ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டா கேட்கும் மனுவோடு இதைக் கலந்துவிட வேண்டாம். நூலகத்துக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால் தயங்காமல் எழுதித் தருவார்கள்.

4. செலவும் நேரமும்

பொது நூலகத்தில் கட்டும் பணத்தில் இரண்டு பகுதி உண்டு. காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். ஆண்டுச் சந்தா திரும்பாது. கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்கும் உறுப்பினருக்கு இரண்டும் சேர்ந்து நூறு ரூபாயைத் தாண்டாது. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று புத்தகம் வேண்டுமென்றால் தொகை சற்றுக் கூடும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காப்புத்தொகைக்கு அதுதான் அத்தாட்சி. ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலர் ஆகலாம் என்பார்கள். அது நன்கொடை, நல்ல காரியம், ஆனால் உறுப்பினராக அது கட்டாயமில்லை.

கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. புதிதாக வந்தவர்கள் ஞாயிறு விடுமுறை என்று நினைத்து, வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சிறிய நூலகங்கள் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று பிரித்துத் திறப்பதால் மதியத்தில் போய்ப் பயனில்லை. மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பர், ஜனவரியில் சீக்கிரமே இருட்டிவிடும். யானை, காட்டெருமை, கரடி நடமாடும் தடங்களில் கையில் புத்தகத்தோடு நடந்து வருவது நல்லதல்ல.

ஏப்ரல், மே சீசனில் ஊட்டியில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டி வெளி மாவட்டப் பதிவு என்றால் இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் இந்த நடைமுறை இருக்கிறது. அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. மகளிர் விடியல் பயணம் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது, ஆனால் எல்லாப் பேருந்துக்கும் பொருந்தாது. ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள்.

சேர நல்ல காலம் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வாரம். அந்த நாட்களில் உறுப்பினர் சேர்க்கையில் நூலகர்களே முனைப்பாக இருப்பார்கள்.

5. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்

உங்களுக்கு முதல் தேவை மேசை, விளக்கு, அமைதி, நாளிதழ். புத்தகம் அதற்கு அப்புறந்தான். மைய நூலகம் இதற்கு ஏற்றது. சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டா, எந்தப் பகுதியில் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். குறிப்புதவிப் பகுதிக்குள் சொந்தப் புத்தகம் கொண்டுபோய், வெளியே வரும்போது சோதனையில் சங்கடப்படுகிறவர்கள் உண்டு.

நகராட்சிகள் கட்டும் "நூலகம் மற்றும் அறிவுசார் மையம்" வேறு. அது நகராட்சி நிர்வாகத்தைச் சேர்ந்தது. பொது நூலகத்தின் உறுப்பினர் அட்டையை அங்கே நீட்டிப் பயனில்லை; அங்கே கேட்டுத்தான் சேர வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தேர்வாணையத் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும், அதற்கான புத்தகங்களும் அங்கே கிடைக்கும்.

பழைய பதிப்புப் பொது அறிவுப் புத்தகங்களை இரவல் எடுக்காதீர்கள். நூலக அலமாரியில் ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய பதிப்புகள் கலந்து கிடக்கும். பழைய விவரங்களைப் படித்துத் தப்பான விடையோடு வெளியே வருவீர்கள். பள்ளிப் பாடநூல்களை அரசின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

6. நீலகிரி நூலகம் போன்ற சந்தா நூலகங்கள்

பழைய ஆங்கில நூல்கள், தோட்டத் தொழில், வேட்டை, தாவரம், மலை வரலாறு இவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது பொருத்தமான இடம். ஓய்வுபெற்றவர்களுக்கும் தோட்ட உரிமையாளர் குடும்பங்களுக்கும் இது பல காலமாக வாசிப்பகமும் சந்திக்கும் இடமுமாக இருந்துவருகிறது. தமிழ் நாவலும் தேர்வுப் புத்தகமும் தேடுகிறவருக்கு அங்கே வேலை குறைவு.

செலவைச் சில பத்து ரூபாயில் நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் கணக்குப் போடுங்கள். இத்தகைய நூலகங்களில் பழைய உறுப்பினர் ஒருவரின் முன்மொழிவும் நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் கேட்பது வழக்கம். ஆகவே இன்று விண்ணப்பித்து இன்றே புத்தகம் எடுப்பது நடக்காது. குறுகிய காலம் தங்குபவர்கள் தற்காலிக உறுப்பினர் முறை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்காமல் கைப்பேசியை நீட்டாதீர்கள். உறுப்பினர்கள் படித்துக்கொண்டிருக்கும் இடம் அது. சுற்றுலாக் கட்டடம் பார்ப்பதுபோல் நுழைகிறவர்களால் உண்மையான வாசகருக்கும் கதவு இறுகிவிடுகிறது.

7. ஆய்வு செய்பவர்கள்

நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பற்றிப் படிக்க வருபவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஊட்டியை அடுத்த முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆய்வு மையம். நூலகமும் அருங்காட்சியகமும் உண்டு. தேயிலை, தோட்டத் தொழில் பற்றியென்றால் குன்னூரில் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியும், தேயிலை வாரிய அலுவலகமும். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவில் நீலகிரி ஆவண மையம் இருக்கிறது. மண்வளம், உருளைக்கிழங்கு போன்ற துறைகளுக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு.

இங்கெல்லாம் வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். கடிதத்தில் உங்கள் பெயர், நிறுவனம், தலைப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எந்தவகை ஆவணம் என்று இருக்க வேண்டும். "நூலகத்தைப் பயன்படுத்த அனுமதிக்கவும்" என்ற ஒற்றை வரிக் கடிதம் மேலதிகாரியின் மேசைக்கும் எழுத்தர் மேசைக்கும் மாறி மாறிப் போகும். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு பஸ் ஏறுங்கள்.

நூலகம் தந்த அனுமதி தோடர் குடியிருப்பான மந்துக்கோ மற்றப் பழங்குடிக் குடியிருப்புக்கோ உள்ளே போக அனுமதி ஆகாது. வனத்துறையிடம் தனி அனுமதி தேவைப்படும் இடங்கள் முதுமலைப் பக்கம் நிறைய. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மக்களின் சம்மதம் வேண்டும். அவர்களைப் பற்றி எழுதிய நூல்களும் ஆய்வேடுகளும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எழுதப்பட்டவர்கள் கைக்கு அவற்றில் எத்தனை போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கும். உங்கள் ஆய்வேட்டின் ஒரு படியை அந்த ஊர்ப் பள்ளிக்கோ பக்கத்து ஊர்ப்புற நூலகத்துக்கோ கொடுப்பதை இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முன் இணையத்திலும் தேடிவிடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் கிடைக்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். 1880-இலும் 1908-இலும் அச்சான நீலகிரி மாவட்ட விவர நூல்கள் பதிப்புரிமைக் காலம் கடந்தவை, வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடி மலையேற வேண்டியதில்லை. அரசுக் கல்லூரி மாணவராக இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பெரும் விலையுள்ள ஆய்விதழ்கள் அதன் வழியாக இலவசம்.

8. நடக்க முடியாதவர்களும் பார்வையற்றவர்களும்

செங்குத்துப் பாதையும் படிக்கட்டும் உள்ள ஊரில் முதியவர்கள் நூலகத்துக்கு ஏறி இறங்குவது கடினம். தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுவரும் நூலக நண்பர்கள் திட்டம் உங்கள் கிளையில் நடக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் வேறொருவர் பெயரில் உறுப்பினர் சேர்ந்து எடுத்து வரலாம். அச்சு நூல் படிக்க முடியாதவர்கள் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பதிவு செய்துகொண்டால் கேட்கும் வடிவில் நூல்கள் கிடைக்கும்.

9. மழைக்காலத்தில் இரவல் புத்தகம்

சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது தெரியாது, அபராதம் கட்டும்போதுதான் தெரியவரும். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் செப்டம்பர்வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கன மழை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

எடுக்கும்போதே புத்தகத்தைப் பாருங்கள். முதுகுப்பக்கம் விரலால் தடவுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பூஞ்சை. நடுவில் நாலு இடத்தில் திறந்து பாருங்கள். பக்கம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ அலையலையாக நெளிந்திருந்தாலோ ஏற்கெனவே நனைந்த புத்தகம். பக்கம் கிழிந்திருந்தால் அதையும் நூலகரிடம் காட்டி, தேதிச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காமல் எடுத்து வந்தால் திருப்பித் தரும்போது சேதம் உங்கள் கணக்கில் ஏறும். புத்தக விலையையோ புதுப் பிரதியையோ கேட்பார்கள்.

எடுத்து வரும்போது மெழுகுத்துணிப் பையோ மழைக்கோட்டுத் துணிப் பையோ பயன்படுத்துங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை இந்த மாவட்டத்தில் தடை, பிடிபட்டால் அபராதம்.

நனைந்துவிட்டால் அடுப்புக்குப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள். அட்டை வளையும், ஒட்டுப்பசை விட்டுப்போகும். இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத்தாளைச் செருகி, புத்தகத்தை விசிறிபோல் லேசாக விரித்து நிற்கவைத்து, மின்விசிறிக் காற்று படும்படி விடுங்கள். அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாள் வேண்டாம். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை தொடங்கிவிடும். பூஞ்சை பிடித்ததை மற்ற புத்தகங்களோடு அடுக்காமல், உறையில் போட்டு நூலகரிடம் சொல்லியே திருப்பிக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் அலமாரி முழுக்கப் பரவும்.

10. ஊரை விட்டுப் போகும்போது

மாற்றல் உத்தரவு வந்த வாரத்திலேயே எல்லாப் புத்தகத்தையும் திருப்பிவிடுங்கள். உறுப்பினர் அட்டை, ரசீது, காப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம் மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். பணம் கைக்கு வரச் சில நாள் ஆகலாம். கடைசி நாளில் போனால் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கல்லூரி மாணவர்கள் நூலக நிலுவையின்மைச் சான்றை மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும்.

வீட்டில் சேர்ந்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டி நூலக வாசலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பட்டியல் ஒன்று எழுதி நூலகரிடம் காட்டுங்கள். அவர் குறித்துத் தருவதை மட்டும் கொடுங்கள். பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் எஸ்டேட் பள்ளிகளையும் கேட்டுப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசிவிட்டு, பள்ளி நடக்கும் நாளில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அன்றே வகுப்பறைக்குப் போய்விடும்.